இடது பக்கம் மட்டும் திரும்பிய படை

உலகத்தில் பெரிய பெரிய ராணுவக் கலாசாலைகள் உண்டு. அவற்றில் படித்தவர்கள் சண்டைக்குப் போய், கை போய், கால் போய், நெஞ்சு நிறைய மெடல் குத்திக்கொண்டு வருவார்கள். ஈப்போப் பக்கம் சிம்பாங் பூலாய் ராணுவக் கலாசாலையில் படித்தவர்களுக்கு அப்படி ஒரு சேதாரமும் கிடையாது. எல்லாரும் நல்ல சுகம்.

ஜெர்மன்காரன் சண்டையின் கடைசி வருசத்தில், கித்தா என்கிற ரப்பர்க் காட்டுக்கு எவனாவது தீ வைத்துவிடுவான் என்று ஒரு தோட்டத்துத் துரைக்குப் பயம் வந்தது. ரப்பர்ப் பால் கொட்டாய்க்குப் பின்னால் கலாசாலையைத் திறந்தார். பென்ஷன் வாங்கிய சிங் ஒருவர் வாத்தியார். துப்பாக்கி வந்து சேரவில்லை. அதுவரைக்கும் கித்தாக் கட்டையைச் செதுக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். சிங் நிற்கச் சொல்லிக் கொடுத்தார், சல்யூட் சொல்லிக் கொடுத்தார், நடை சொல்லிக் கொடுத்தார். பிறகு 'லெப்ட் டர்ன்.' அது எல்லாருக்கும் பிடிபட்ட அன்றைக்கு, "ரைட் டர்ன் நாளைக்கு" என்றார். மறுநாள் சண்டை முடிந்த சேதி வந்துவிட்டது. ஈப்போவுக்குப் போன சிங் போனவர்தான்.

படிப்பு அவ்வளவுதான் என்றாலும் பழைய மாணவர் சங்கம் மட்டும் எட்டு வருசமாகக் கொழுந்து விட்டு நடந்தது. ஞாயிறு தவறாமல் புந்தோங்கில் சவரிநாதன் வீட்டு வாசலில் கூடுவார்கள். சவரிநாதன் ரயில்வே சாமான் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. சங்கத்தில் கமாண்டர். காரியதரிசி பத்துமலை தையல்காரர். எல்லாருக்கும் காக்கித் துணி அவர் கையால்தான். அவர் எழுந்து அங்கத்தினர் செய்தி வாசிப்பார்:

"நமது கமாண்டர் அவர்களின் இல்லத்துப் பசு வியாழனன்று கன்று ஈன்றது. தாயும் சேயும் நலம். சங்கம் சல்யூட் செலுத்துகிறது."

எல்லாரும் எழுந்து சல்யூட் வைப்பார்கள். பசுவும் திரும்பிப் பார்க்கும்.

செய்தி முடிந்ததும் அணிவகுப்பு. சங்கத்தின் முதல் விதி இப்படி: 'கலாசாலையில் கற்பிக்கப்படாத எந்தச் செய்கையையும் அணிவகுப்பில் எவரும் செய்யலாகாது.' அதனால் வலது பக்கம் திரும்பும் பேச்சே கிடையாது. புந்தோங்கில் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி நடந்தால் புறப்பட்ட வாசலுக்கே வந்து சேரலாம். எட்டு வருசமாக அவர்கள் வேறு எங்கும் போனதில்லை.

இந்தச் சங்கத்தில் ராமையா ஒரு லான்ஸ் கார்ப்ரல். வெளியில் தோட்டத்துச் சின்னக் கிராணி. அந்தச் 'சின்ன' அவருக்கு முள்ளாகக் குத்தும். மகள் பாப்பாவுக்குக் குனோங் ராபாட்டில் மாப்பிள்ளை அமைந்தது. பழனியப்பன் நல்ல பையன். ஆனால் அவன் தாய் ராக்காயி, மாட்டு வண்டி ஆறு வைத்திருக்கிற மகராசி, பெண் பார்க்க வந்த இடத்திலேயே, "சின்னக் கிராணிதானே?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் ராமையா ராணுவ மரியாதைக்கு விண்ணப்பம் போட்டார்.

"அங்கத்தினர் இல்லத் திருமணம்" என்று தீர்மானம் நிறைவேறியது. மாப்பிள்ளை வாடகை மோட்டார் காரில் வருவார். முன்னால் படை அணிவகுத்துக் கோயிலுக்குள் கூட்டிப்போகும்.

"நான் பொண்ணுக்கு அப்பன், அண்ணே. கோயில்ல இருக்கட்டுமா?" என்று ராமையா ஒப்புக்குக் கேட்டார்.

"அண்ணே இல்ல, கமாண்டர். யாருக்கு மரியாதையோ அவனே வரிசையில இல்லன்னா எப்படி?"

ராமையாவுக்கு அதுதான் வேண்டும். ராக்காயி அவரைக் காக்கியில் பார்க்க வேண்டாமா?

ராமையாவின் சம்சாரம் வீரம்மா மட்டும் சொன்னாள்: "இந்தாங்க, முகூர்த்தம் எட்டரைக்குள்ள. நீங்கதான் தாரை வார்க்கணும். வந்துருவீங்கல்ல?"

"ராணுவத்துல நேரம் தப்பாதுடி."

"தப்பினா என் தம்பி மாயாண்டி வார்த்துக் கொடுப்பான். சொல்லிட்டேன்."

ராமையாவுக்குச் சுருக்கென்றது. மாயாண்டிதான் சங்கத்துக்குக் 'கட்டைப் படை' என்று பேர் வைத்தவன். அவன் கையால் பாப்பாவைக் கொடுப்பதா? அதைவிட அந்தக் கட்டையாலேயே தலையில் போட்டுக்கொள்ளலாம்.

அன்றைக்குக் காலையில் வெயில் பளிச்சென்று அடித்தது. நாயனத்துக்குக் கால் போட்டுப் படை கிளம்பியது. பின்னால் மோட்டார் கார் ஊர்ந்து வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது, அம்மன் கோயில் வாசல் வருகிற வரைக்கும்.

கோயில் வாசல் வலது பக்கம் இருந்தது.

கமாண்டர் வாய் திறந்தார், மூடினார். படை வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

"கமாண்டர், கோயில் பின்னாடி போவுது!"

"தெரியும்லா. லெப்ட் டர்ன்!"

இடது பக்கம் வண்டிக் கொட்டகைகள். அவற்றைச் சுற்றி வந்தார்கள். மறுபடியும் கோயில். மறுபடியும் வலது பக்கம். ராமையா கண்ணை ஓட்டினார். உள்ளே பாப்பாவைக் கொண்டுவந்து மணையில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் சுற்றில் காருக்குள்ளிருந்து ராக்காயி குரல் வந்தது. "ஏய்யா சம்பந்தி! இடஞ்சுத்தாச் சுத்துறதுக்கு இது என்ன சாவு வீடா? எம்புள்ளைய எங்க கொண்டு போறீங்க, சுடுகாட்டுக்கா?" காரை நிறுத்தச் சொல்லி, மகனைக் கையைப் பிடித்து இறக்கி, பத்தே தப்படியில் கோயிலுக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளை இல்லாத காரும் படைக்குப் பின்னாலேயே வந்தது. அதற்கு யாரும் வேறு சொல்லவில்லை.

மூன்றாம் சுற்றில் வாசலுக்கு நேரே கமாண்டர் படையை நிறுத்தினார். நிற்பது பாடத்தில் உண்டு.

பத்துமலை சொன்னார்: "கமாண்டர், நின்ன எடத்துலேயே மூணு தடவ லெப்ட் திரும்பினா வாசலப் பார்த்து நின்னுருவோம்."

"அது எப்படி? மூணு லெப்ட் சேர்ந்தா அது ரைட். நேரா செய்யக்கூடாதத சுத்தி வளைச்சுச் செய்யறது பெரிய குத்தம். நாளைக்குக் கேள்வி வரும்."

"யாரு கேப்பா?"

"நாமதான் கேப்போம். ஞாயித்துக்கிழமை."

ராமையாவால் தாங்க முடியவில்லை. "அண்ணே, கமாண்டர், உள்ள மாப்பிள்ளை உக்காந்துட்டாரு. படையைக் கலைச்சு விடுங்க. நான் ஓடிர்றேன்."

"கலைக்கிறதுக்கு ஒரு சொல்லு இருக்கு. சிங் அதைச் சொல்லிக் கொடுக்கல. கலாசாலையில தெனமும் சாயங்காலம் மழை வரும், நாம ஓடிருவோம். ஞாயித்துக்கிழமையும் அப்படித்தான் கலையறோம். காலையில மழைக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப நான் மட்டும் வரிசையை விட்டுப் போறேன்."

"போனா ஓடிப்போனவன்னு பேரு. சண்டைக் காலத்துல சுட்டுருவாங்க."

"சண்டை முடிஞ்சு எட்டு வருசமாச்சே!"

"பேப்பர்ல முடிஞ்சுது. வரிசையில நிக்க வச்சு நம்மகிட்ட யாராவது சொன்னாங்களா?"

ராமையா யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லவில்லைதான். அந்த நியாயம் அவருக்கும் சரி என்றே பட்டது. அதுதான் கொடுமை. கால் கோயில் பக்கம் இழுத்தது. கட்டை பிடித்த கை விறைத்து நின்றது. உள்ளே பூசாரி, "தாரை வார்க்கறது யாரு? நேரம் போவுது" என்று சத்தம் போட்டார். மாயாண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் வாசலைப் பார்த்து, "என்ன மச்சான், நானே முடிச்சிரட்டுமா? நீங்க சண்டையை முடிச்சிட்டு நிதானமா வாங்க" என்றான்.

ராமையாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அட்டென்ஷனில் நிற்கும்போது துடைக்கக் கூடாது. துடைக்கவில்லை.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள் வீரம்மா. கால் கழுவ வைத்திருந்த அண்டாவில் வாளியை முக்கினாள். முதல் வாளி கமாண்டர் தலையில். இரண்டாவது பத்துமலை மேல். மூன்றாவது, நன்றாக நிறைத்து, கட்டின புருசன் மேல்.

"மழை!" என்றார் கமாண்டர்.

அவ்வளவுதான். எட்டு வருசப் பழக்கம். கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிட்டத்தில் இருந்த கூரைக்குப் பாய்ந்தார்கள். கிட்டத்துக் கூரை கோயில். எந்தப் பக்கம் திரும்பினோம் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. கிறிஸ்தவ வேதக்காரரான சவரிநாதன் பூட்சோடு அம்மன் முன்னால் போய் நின்று, பதறி ஒரு சல்யூட் வைத்தார்.

ராமையா மாயாண்டியைத் தள்ளிக்கொண்டு மணைக்கு முன்னால் விழுந்தார். பூசாரி செம்பைத் தேடுவதற்குள் அவருடைய காக்கிச் சட்டைக் கையிலிருந்து தண்ணீர் தாரை தாரையாகப் பிள்ளைகள் கையில் கொட்டியது. பூசாரி நேரத்தைப் பார்த்தார். "இதுவும் தண்ணிதானே" என்று மந்திரத்தைச் சொல்லிவிட்டார். பாப்பா அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. அவள் முகமும் நனைந்திருந்தது.

அடுத்த ஞாயிறு செய்தி வாசிக்கப்பட்டது: "லான்ஸ் கார்ப்ரல் ராமையா அவர்களின் இல்லத் திருமணத்தில் நமது படை ஆலயத்தை மும்முறை வலம் வந்து" (ஆலயத்தையா, வலமா என்று யாரும் கேட்கவில்லை) "திருமதி வீரம்மா அவர்கள் பெய்வித்த மழையினால் முறைப்படி கலைந்தது." ராமையா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். ஆனது ஆகிவிட்டது, மறந்துவிடுவார்கள் என்று மனசுக்குள் சமாதானம்.

ஊர் மறக்கவில்லை. ஈப்போவில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி தன் மகன் கல்யாணத்துக்கு இதே மரியாதை வேண்டும் என்றார். ராமையா வீட்டில் மூன்று சுற்று என்றால் தனக்கு ஐந்து. இன்னொருவர் பன்னீர் ஊற்றச் சொன்னார். சுடுகாடா என்று கத்தின ராக்காயியே, "எங்க வீட்டுலதான் மொதல்ல செஞ்சாங்க" என்று பாசாரில் நின்று சொல்ல ஆரம்பித்தாள். பூசாரியைக் கேட்டால் இடஞ்சுத்துக்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

அடுத்த தையில் மாயாண்டி மகளுக்குக் கல்யாணம். மாயாண்டி வெள்ளை வேட்டியில் மணைக்கு முன்னால் காய்ந்து நின்றான். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். "தகப்பன் நனையலையே? எப்படித் தாரை வார்ப்பான்?"

ராமையா கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, அது சும்மா. எங்களுக்குப் பாதிப் பாடம்தான் தெரியும். கலையத் தெரியாம நின்னோம், என் சம்சாரம் கோவத்துல ஊத்துனா. இது சம்பிரதாயமே இல்ல."

"பெரியவரே, உங்க காலத்துல இருந்து நடக்கறத நீங்களே மாத்தாதீங்க" என்றார்கள். ராமையா காலம் என்பது எட்டு மாசம்.

மாயாண்டி அக்காவைப் பார்த்தான். வீரம்மா வாளியைத் தேடிக்கொண்டு போனாள்.

இப்போது இந்த வட்டாரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் வாசலில் அண்டா இருக்கும், வருகிறவர் தலையிலெல்லாம் ஒரு வாளி. நமக்கும் வருசத்துக்கு இரண்டு சட்டை இதிலேயே போகிறது. இதெல்லாம் எதற்காக என்று போன மாசம் ஒருத்தன் வாசலில் நின்று கேட்டான். நல்ல கேள்விதான். இதுவரை யாரும் கேட்காத கேள்வி. அவனையும் நனைத்துத்தான் உள்ளே விட்டோம்.