டைனமோவுக்குக் களைத்த மூன்றாம் சரணம்

உலகத்தில் பாடகர் குழுவை நடத்துகிறவர்கள் எல்லாரும் கையால்தான் நடத்துகிறார்கள். சிலர் குச்சி வைத்திருப்பார்கள், சிலர் வெறுங்கையை வீசுவார்கள், மிஞ்சிப்போனால் தலையையும் ஆட்டுவார்கள். காலால் நடத்தியவன் எனக்குத் தெரிந்து ஒருவன்தான். அவனுக்கு ‘ச’ எது ‘ப’ எது என்று தெரியாது. தேவாரமா ஞானப்பாட்டா என்று கண்டுபிடிக்கப் பாடுகிறவரின் நெற்றியைப் பார்ப்பான். அவனை டைனமோ என்றுதான் கூப்பிட்டோம். ஞானஸ்நானப் பெயர் ஒன்றும் இருந்திருக்கும். கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை, சொல்ல அவனுக்கும் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கச் சுவாமிமார் நடத்திய ஒரு கல்லூரியில் சித்திரமும் சங்கீதமும் சேர்த்துப் படிப்பித்தார்கள். தத்துவமும் லத்தீனும் படிக்க வந்த புத்திசாலிகளுக்குப் பெரிய கட்டடம். எங்களுக்குக் கிணற்றடிக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. நான் மானிப்பாய்ச் சைவப் பிள்ளை. பல்கலைக்கழகம் என்னை வேண்டாம் என்றது, வங்கி வேண்டாம் என்றது, கடைசியில் ஐயாவின் கடையும் வேண்டாம் என்ற பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

“சித்திரம் கீறி, பாட்டுப் படிச்சு, பேந்து என்ன செய்யப் போறாய்?” என்று ஐயா கேட்டார்.

“கலைஞனா வருவன் ஐயா.”

“வா, வா. வரேக்கை ரெண்டு றாத்தல் சீனியும் வாங்கிக்கொண்டு வா.”

எங்கள் சங்கீத ஃபாதர் ஒல்லியான, நல்ல மனிதர். முதல் நாள் என்னைப் பாடச் சொன்னார். பாடினேன். அவர் எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். “தம்பி, நீ கீழ்க்குரல். கடைசி வரிசை. வாயை நல்லா அசை, சத்தத்தை மட்டும் அளவா விடு,” என்றார். அந்த ‘அளவா’ என்ற சொல்லைத்தான் மூன்று வருடமும் பயிற்சி செய்தேன்.

டைனமோவின் பரீட்சை இன்னும் சுருக்கமாக முடிந்தது. ஃபாதர் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமத்தி, அதே சத்தத்தைத் திருப்பிச் சொல்லு என்றார். டைனமோ கண்ணை மூடி யோசித்தான். பிறகு, கரைவலை இழுக்கிற ஆட்கள் எல்லாரும் சேர்ந்து போடுகிற சத்தத்தைத் தனியொருவனாகப் போட்டான். கிணற்றடியில் யாரோ வாளியைத் தவற விட்டார்கள். ஃபாதர் ஆர்மோனியத்தை மூடிவிட்டு, “மகனே, நீ சித்திரம் கீறு,” என்றார்.

டைனமோ குருநகர்க் கடற்கரைப் பொடியன். சண்டையால் கடலுக்குப் போகத் தடை வந்ததிலிருந்து தகப்பனின் வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. சும்மா இருந்த கை, கவிழ்ந்த வள்ளத்தின் வயிற்றிலேயே கரியால் படம் கீறத் தொடங்கியது. அதைப் பார்த்த பங்குச் சுவாமிதான் இவனை எங்களிடம் அனுப்பினார். ஆனால் எங்கள் பிரிவில் ஒரு சட்டம் இருந்தது: சித்திரம் படிக்கிறவன் சங்கீத வகுப்பிலும் இருந்தே ஆகவேண்டும். பாடவும் முடியாது, வெளியே விடவும் முடியாது. இவனை என்ன செய்வது?

விடையைத் தந்தது நாட்டு நிலைமை. அப்போது மின்சாரம் என்பது பௌதிகப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. பற்றரியும் குடாநாட்டுக்குள் வராது. ஃபாதரிடம் இருந்த ஒரே சொத்தோ ஒரு கசெற். ரோமாபுரியில் நாலு குரலில் பாடிய லத்தீன் கீதம் அதில் இருந்தது. அதைக் கேட்பதற்கு ஊரில் எல்லாரும் செய்த வழியைத்தான் நாங்களும் செய்தோம். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றிப் பின்சில்லை அந்தரத்தில் விட்டு, டைனமோவை ரயரில் முட்டவைத்து, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து றெக்கோடரில் கொழுவுவது. பிறகு ஓராள் ஏறி மிதிக்கவேண்டும். மிதித்தால் ரோமாபுரி பாடும்.

குருநகர்க் காலுக்கு வேலை கிடைத்தது. அவனுக்குப் பெயரும் கிடைத்தது.

சைக்கிள் நடுவில் நிற்கும். நாங்கள் சுற்றி அரைவட்டமாக நிற்போம். எங்கள் கண்ணுக்கு நேரே டைனமோவின் கெண்டைக்கால், தேங்காய் உரிக்கிற மாதிரி ஏறி இறங்கும். முதல் சரணம் வானத்திலிருந்து சம்மனசுகள் பாடுவதுபோலப் போகும். இரண்டாவதில் சம்மனசுகளுக்கு வேர்க்கும். மூன்றாவதில் டைனமோவுக்குக் களைக்கும். பாட்டு இழுபடும், சுருதி இறங்கும், பெண்குரல்கள் ஆண்குரல்களாகும், ஆண்குரல்கள் எருமைகளாகும். “மிதியடா மகனே!” என்று ஃபாதர் கத்துவார். டைனமோ பல்லைக் கடித்து எழும்பி நின்று மிதிப்பான். எருமைகள் மறுபடியும் சம்மனசுகளாக மேலே பறக்கும்.

பாட்டு முடிந்ததும் கசெற்றைப் பேனையில் கொழுவிச் சுற்றி மறுபடி தொடக்கத்துக்குக் கொண்டுவருவோம். மறுபடி மிதி. தொடக்கம் ஒன்றென்றபடியால் அவன் களைக்கிற இடமும் ஒன்றுதான். வருடம் முழுக்க அதே மூன்றாம் சரணம். இதில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை, ஃபாதருக்கும் கூட.

சங்கீதத்தில் இப்படி வேலையாளாக இருந்தவன் சித்திரத்தில் ராசா. கல்லூரித் திருநாளுக்காக ஒரு பெரிய சீலையில், யேசு எருசலேமுக்குள் பவனி வருகிற குருத்து ஞாயிறு கீறத் தொடங்கினான். நிறம் கடையில் இல்லை. கறுப்புக்குச் சிக்கல் இல்லை, எல்லா விளக்கிலும் கரி. சிவப்புக்குச் செங்கல்லை இடித்தான். மஞ்சளுக்குக் குசினிக்குள் போய்வந்தான். அன்றிலிருந்து எங்கள் மீன்குழம்பு வெள்ளையாக வந்தது. நீலத்துக்கு என்ன செய்தான் என்பது, கல்லூரித் தலைவரான றெக்டரின் வெள்ளை அங்கிகள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

றெக்டர் எங்கள் அறைக்கு வந்தார். சீலையில் நின்ற மாதாவின் போர்வையைப் பார்த்தார். தன் அங்கியைப் பார்த்தார். மறுபடி மாதாவைப் பார்த்தார்.

“உது என்ரை சலவை நீலம் எல்லே?”

“ஓம் ஃபாதர்,” என்றான் டைனமோ. “மாதாவுக்குத்தானே குடுத்தது. உங்களுக்குப் பலன் வரும்.”

நிறத்தைக் குழைக்க எண்ணெய் வேண்டும். வள்ளத்துக்குப் பூசிய சுறா எண்ணெய் வீட்டில் மிச்சம் இருந்தது, கொண்டுவந்தான். படம் காயவே இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத்துப் பூனைகள் எல்லாம் மனந்திரும்பி வந்து எருசலேம் வாசலில் குந்திக்கொண்டன. எந்த ஓவியத்துக்கும் அப்படி ஒரு ரசிகர் கூட்டத்தை நான் கண்டதில்லை. சீடர் இராயப்பரின் ஒரு காலை நக்கியே அழித்துவிட்டன.

கண்ணால் பார்க்காத முகத்தை அவனால் கீற முடியாது. ஆகவே விடுதியே அவன் முன்னால் வரிசையில் குந்தியது. எனக்குள்ளே ஓர் ஆசை. அருளப்பர்தான் சீடர்களில் இளையவர், அழகர். நானும் தலையை எண்ணெய் பூசி இழுத்து, மூக்கை ஒரு பக்கம் திருப்பி, ஒரு பின்னேரம் முழுக்க அசையாமல் இருந்தேன். முடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். அருளப்பர் வேறு யாரோ. கீழே, காது இரண்டும் தூக்கியபடி, என் முகம்.

“டேய், இது கழுதையடா!”

“ஓம் மச்சான். சீடர்மாருக்கு ஆரும் காணும். யேசு ஏறி வாற கழுதைக்குத்தான் ஆள் கிடைக்காமல் திரிஞ்சனான். நல்ல பொறுமையான கண் வேணும். உன்னைக் கண்டவுடனை எனக்கு நிம்மதி.”

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் றெக்டர் குண்டைப் போட்டார். நிவாரண அரிசி வைக்க இடமில்லை. எங்கள் அறை வேண்டும்.

“சனம் சோத்துக்கு நிக்குது. நீங்கள் லத்தீன் பாடிக்கொண்டு கழுதைக்குக் கண் கீறுறியள்,” என்றார். அதற்குப் பதில் சொல்ல என்னிடம் முகமே இல்லை. அது கழுதையிடம் இருந்தது. சங்கீத ஃபாதர் கெஞ்சினார். கடைசியில் ஒரு முடிவு: திருநாளுக்குப் பெரிய சுவாமி ஒருவர் வருகிறார். ரோமாபுரியில் சங்கீதம் படித்தவர். அவர் எங்கள் பாட்டைக் கேட்டுவிட்டு ‘நல்லது’ என்றால் பிரிவு இருக்கும். இல்லாவிட்டால் அரிசி.

பிரிவை மூடினால் இனி வாயை அசைக்கத் தேவையில்லை என்று எனக்கு உள்ளூரச் சந்தோசம். டைனமோ மட்டும் அன்றைக்குச் சோறு தின்னவில்லை.

“என்னடா, போனால் போகுது,” என்றேன்.

“உனக்கென்ன? மானிப்பாயிலை போய்க் கொப்பரின்ரை கடையிலை இருப்பாய். நான் போய் என்ன செய்யிறது? கவுண்டு கிடக்கிற வள்ளத்துக்குப் பக்கத்திலை நானும் கவுண்டு கிடக்கவோ?” என்றான். “எனக்கு இந்த ஓர் அறைதான் மச்சான் இருக்கு. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், ஒழுங்காப் பாடுங்கோ.”

அதன் பிறகு அவன் மிதித்த மிதியில் இரண்டு ரயர் தேய்ந்தது.

திருநாள் வந்தது. கோவில் நிறைந்த சனம். முன்வரிசையில் பெரிய சுவாமி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். பக்கத்தில் றெக்டர் பழுப்பு அங்கியில் இருந்தார். பீடத்துக்கு ஒரு பக்கம் நாங்கள், மற்றப் பக்கம் குருத்து ஞாயிறு, அதன் கீழே பூனை விரட்டும் பொறுப்பில் டைனமோ. சைக்கிளை வெளியே வேலியில் சாத்தியிருந்தோம். இன்றைக்குப் பாடுவது நாங்கள்தானே, அதற்கு எதற்கு மிதி?

முதல் சரணம் சம்மனசு. இரண்டாவது வேர்வை. மூன்றாவது வந்ததும், யாரும் சொல்லாமல், யாரும் பார்த்துக்கொள்ளாமல், நாங்கள் எல்லாரும் ஒற்றுமையாகக் களைத்தோம்.

பாட்டு இழுபட்டது. சுருதி இறங்கியது. ஃபாதரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு வருடமாக நடந்தது என்ன என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வழக்கமாக இந்த இடத்தில் “மிதியடா” என்ற சத்தம் வரும், நாங்கள் எழும்புவோம். பூசை நடுவில் ஒரு குருவானவர் அப்படிக் கத்த முடியுமா? சத்தம் வராததால் நாங்கள் இறங்கிக்கொண்டே போனோம். மேற்குரல் வந்து என் இடத்தில் நின்றது. நான் எனக்குக் கீழே தேடினேன். இனி நிலம்தான் இருந்தது. றெக்டரின் முகத்தில் அரிசி மூட்டை தெரியத் தொடங்கியது.

அப்போது எதிர்ப்பக்கத்தில் ஓர் அசைவு. டைனமோ எழும்பினான். வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டினான். முன்னால் இருந்த வாங்குப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து, இல்லாத சைக்கிளை மிதிக்கத் தொடங்கினான்.

“யேசுவே, பொடியனுக்கு வலிப்பு! ஆரும் இரும்பு குடுங்கோ!” என்றார் பக்கத்தில் இருந்த அம்மா.

ஆனால் நாங்கள் கண்டுவிட்டோம். அந்தக் கெண்டைக்காலை எங்களுக்குத் தெரியாதா? அது ஏறியது, நாங்கள் ஏறினோம். அது எழும்பி நின்று மிதித்தது, நாங்கள் கூரையைத் தொட்டோம். நாலாம் சரணம் அந்தக் கோவிலில் அதுவரை கேளாத சத்தத்தில் முடிந்தது. நான்கூட அளவை மறந்து பாடிவிட்டேன்.

பூசை முடிந்து தேத்தண்ணி நேரம். எங்களை வரிசையில் நிறுத்தினார்கள். பெரிய சுவாமி வந்தார்.

“உந்தப் பாட்டை ரோமாபுரியிலை நிறையத் தரம் கேட்டிருக்கிறன். மூண்டாம் சரணத்திலை இப்பிடி விழுந்து எழும்பி ஆரும் பாடேல்லை. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. ஆர் உதைப் படிப்பிச்சது?”

சங்கீத ஃபாதர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். தலையைக் குனிந்துகொண்டு, டைனமோவைக் காட்டி, சைக்கிள் கதை முழுவதையும் சொன்னார். றெக்டர் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய சுவாமி டைனமோவின் காலைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்க வேண்டி வந்தது.

“இருக்கட்டும். அந்தப் பாட்டுக்கு அதுதான் சரி,” என்றார். பிறகு சீலையைக் காட்டினார். “படமும் நல்லாயிருக்கு. முக்கியமா அந்தக் கழுதை. என்ன ஒரு பக்தி!” என்றவர் திரும்பும்போது என்னிடம் நின்றார். “தம்பியை எங்கையோ கண்டிருக்கிறன்.”

“இல்லைச் சுவாமி,” என்றேன். டைனமோ என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பில் குலுங்கினான்.

அறை தப்பியது. முழுதாக அல்ல; றெக்டர் சொல்லுத் தவறாதவர், அரிசியும் சொல்லுத் தவறாதது. பாதி அறை எங்களுக்கு, பாதி அரிசிக்கு. மிச்சக் காலம் முழுவதும் பழமும் பூச்சாடியும் கீற வேண்டிய நாங்கள் அரிசி மூட்டையைத்தான் கீறினோம். இன்றைக்கும் நான் மூட்டை நன்றாகக் கீறுவேன். டைனமோ அதன் மேலேயே ஏறிக் குந்தியிருந்து கீறுவான். கவிழ்ந்து கிடந்த வள்ளத்துக்குப் பக்கத்தில் அவன் போய்க் கிடக்கவில்லை.

பிறகு சண்டையால் ஊரே இடம்பெயர்ந்த மழைக்காலம் வந்தது. சனம் எல்லாம் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், நனைந்த சனத்துக்கு நடுவில், எனக்குத் தெரிந்த ஒரு கெண்டைக்காலைக் கண்டேன். ஆட்கள் சட்டி, பானை, தையல்மெசின் என்று கொண்டுவந்திருந்தார்கள். இவன் சைக்கிளில் கட்டியிருந்தது பொலித்தீன் சுற்றிய ஒரு சீலையும் அந்த றெக்கோடரும்தான்.

“நல்ல சாமான்தான் கொண்டந்திருக்கிறாய்,” என்றேன்.

“உன்னை விட்டிட்டு வரேலுமோ?” என்று சீலையைத் தட்டினான். சுறா மணந்தது.

மழை விடவில்லை. பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். டைனமோ சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றினான், வயரைக் கொழுவினான், மிதித்தான். பிள்ளைகள் அழுகையை விட்டுவிட்டு அவனுடைய காலைப் பார்த்தார்கள். முதல் சரணம், இரண்டாம் சரணம். இந்த வருடங்களில் அவன் கால் இன்னும் உரமேறியிருந்தது. மூச்சு வாங்கவே இல்லை. ஆனால் மூன்றாம் சரணம் வந்ததும் மெல்ல மெல்ல மிதியைக் குறைத்தான்.

“என்னடா, களைச்சுப் போனியோ?”

“இல்லை மச்சான். உதிலை இறங்கத்தானே வேணும். இல்லாட்டில் பாட்டுப் பிழை.”

அதன் பிறகு அவனைக் காணவில்லை. எங்கேயாவது யாருக்காவது மிதித்துக்கொண்டிருப்பான். என் மகள் அந்தப் பாட்டைத் தன் கைப்பேசியில் தேடி எடுத்துத் தந்திருக்கிறாள். நல்ல சுத்தமான சத்தம், தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகம். ஒவ்வொரு முறையும் மூன்றாம் சரணத்தில் நான் காத்திருக்கிறேன். யாருக்கும் களைக்கிறதில்லை.