பஸ் நிற்க ஆறு வீட்டுக் கூட்டணி

வளப்பூர் நாடு,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய ராஜதுரை மாமாவுக்கு, கீர்த்தனா வணங்கி எழுதுவது. இங்கே மழைக்கு மட்டும் சளி பிடிக்கவில்லை. மற்றபடி எல்லோரும் நலம். திருப்பூரில் நீங்களும் அத்தையும் நலம்தானே? போனில் சொன்னால் லீவு இல்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால் கடிதம்.

விஷயம் பஸ். நம் ஆறு வீட்டு வளைவில் அது நிற்காது. கட்டட வேலைக்காக அடிவாரத்திலிருந்து நாம் ஏறி வந்த வருஷமே ஒரு கண்டக்டர், "இங்க ஸ்டாப் இல்லீங்க" என்று சொல்லிவிட்டார். மலைக்காரர்களுக்கு எங்கேயும் நிற்கிறது. அவர்கள் மலை, அவர்கள் பஸ். தங்கை இளமதி அடுத்த ஊர்வரை நடந்து போய்த்தான் செம்மேட்டுப் பள்ளிக்கு ஏறுகிறாள். மழை வலுத்தால் படிப்பை நிறுத்திவிடலாம் என்கிறார் அப்பா. அவளோ புத்தகங்களுக்கு பிளாஸ்டிக் உறை போடுகிறாள்.

தேர்தல் வந்தது. சிறுபான்மை என்றால் சேர்ந்து நிற்க வேண்டும் என்று அப்பா ஆறு வீட்டையும் கூட்டினார். இந்த ஊர் வழக்கப்படி, எல்லா வீடும் ஒத்துக்கொள்ளும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. பாப்பாத்தி அக்காவுக்கு ஸ்டாப் மேலே வேண்டும். கார்த்தி அண்ணனுக்குக் கீழே, அவருடைய டீக்கடை எதிரில். "உங்க ஊட்டு வாசல்லயே பஸ்ஸக் கட்டிப் போடோணுமா?" என்றார் அண்ணன். "ஏனுங்க, உங்க டீய நாங்க குடிக்கறது பத்தாதா?" அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் எழவில்லை. கடைசியில் நடுவே என்று முடிவாயிற்று. நடுவே பாறை. எல்லோருக்கும் சமமான கஷ்டம் என்பதால் ஒருமனதாக நிறைவேறியது. நாடும் இப்படித்தான் நடக்கிறதா மாமா? யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

மறுநாள் ஒரு கூட்டணியின் ஜீப். நாலு கொடி.

"பஸ் நிக்குமுங்களா?" என்றார் அப்பா.

"பஸ்ஸு எங்க கூட்டணியில வேற கட்சி பாக்கறதுங்க. நாங்க தண்ணி."

"அப்ப தண்ணியாவது?"

"அத ஜெயிச்சப்பறம் உக்காந்து பேசோணுங்க."

பின்னாலேயே எதிர்க்கூட்டணி. பஸ்ஸை நிறுத்துவார்களாம்; எத்தனை ஓட்டு என்று மட்டும் கேட்டார்கள். அப்பா உங்கள் இருவரையும் சேர்த்து, இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னார். அப்படியும் அவர்கள் முகம் மலரவில்லை. ஆகவே நீங்கள் வந்தே தீர வேண்டும். ஓட்டு இங்கே, ஆள் அங்கே. நல்லாட்சி உங்கள் லீவில் தொங்குகிறது.

அத்தைக்கு என் வணக்கம். அம்மா உங்களை ஸ்வெட்டரோடு வரச் சொன்னாள்.

அன்புடன்,
கீர்த்தனா

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் ஒன்று. இன்று காலை கொட்டும் மழை. நடக்க வெறுத்துப்போய் இளமதி சாலையிலேயே நின்றாள். பஸ் வந்தது. கையை நீட்டினாள். நின்றது. "கை காட்டுனா நிக்கப் போறோம் கண்ணு. மலையில ஸ்டாப்பெல்லாம் யாரு பாக்கறா? இத்தன வருசமா உங்காளுங்க கையே காட்டல. நடக்கறதுதான் புடிக்குமாக்கும்னு இருந்துட்டோம்" என்றாராம் கண்டக்டர்.

அப்பா மறுபடி ஆறு வீட்டையும் கூட்டுகிறார். லீவு கிடைத்தால் வாருங்கள் மாமா, கேட்பதற்கு வேறு எதையாவது யோசிக்கலாம். பஸ்ஸை நிறுத்தியவளுக்கு இன்னும் ஓட்டுப் போடும் வயது வரவில்லை.