நோய்க்குப் பேர் வைக்காத ஆஸ்பத்திரி

மனிதனுக்கு நோய் வருவது இயற்கை. வந்த நோய்க்கு ஒரு பெயர் சொல்வது மருத்துவரின் கடமை. சொல்லத் தாமதமானால் வழக்குப் போடுவது குடிமகனின் உரிமை. இந்த மூன்றில் நடுவில் இருப்பதை மட்டும் பிடுங்கிவிட்டால் வழக்கே இருக்காது என்று கண்டுபிடித்த பெருமை, எங்கள் ரொக்காமாரா அரசு ஆஸ்பத்திரியின் தலைமை இயக்குநர் டாக்டர் பெல்காஸ்த்ரோ அவர்களையே சாரும்.

சும்மா கண்டுபிடிக்கவில்லை, பட்டுத்தான் கண்டுபிடித்தார். ஒரு பெண்மணியின் இடுப்பெலும்பு முறிவை வயசுக்கோளாறு என்று சொல்லி ஒரு குளிர்காலம் முழுக்க அவரை நடக்கவிட்டதற்காக ஆஸ்பத்திரி நஷ்டஈடு கட்ட வேண்டியதாயிற்று. அந்தத் தீர்ப்பில் ஒரு வாக்கியம் இயக்குநரின் கண்ணில் பட்டது: 'தாமதம் எனப்படுவது, நோயாளி முதன்முதலில் வந்த நாளுக்கும் நோயின் பெயர் அவருக்குச் சொல்லப்பட்ட நாளுக்கும் இடைப்பட்ட காலமாகும்.' இரண்டாவது நாள் என்று ஒன்று வந்தால்தானே இடைப்பட்ட காலம்? மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. 'மேற்படி மருத்துவமனையில் பணிபுரியும் மருத்துவர் எவரும், மறு உத்தரவு வரும்வரை, எந்த நோயின் பெயரையும் நோயாளியிடம் கூறலாகாது. ஆறுதல் கூறத் தடையில்லை.'

அந்த வருடமே, தாமதமான நோயறிதல் ஒன்றுகூட இல்லாத ஆஸ்பத்திரி என்று மாகாண அரசு விருது கொடுத்தது. மேயர் மூவர்ணப் பட்டையைக் குறுக்கே மாட்டிக்கொண்டு வந்து சொற்பொழிவாற்றினார். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே காபிக்கடை வைத்திருப்பவன் நான். விழாவுக்குப் பலகாரமெல்லாம் என் கடையிலிருந்து போனதால் நானும் பலமாகக் கைதட்டினேன்.

பிறகு என் தங்கை அசுந்தாவின் புருஷன் நுன்ஸியோவுக்கு வலி வந்தது.

நுன்ஸியோ சிவப்பு வெங்காயம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டே பாட்டுப் பாடுகிற ஆள். சாப்பிட்டு எழுந்தால் வலது விலாவுக்குக் கீழே யாரோ திருகுகிற மாதிரி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தான். காரத் தொத்திறைச்சியை நிறுத்தினான், ஒயினை நிறுத்தினான், பாட்டும் தானாக நின்றது. வலி மட்டும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

"எங்க வலிக்குது?" என்றார் சின்ன டாக்டர்.

"இங்க."

"சரி. 'இங்க'ன்னு எழுதிக்கறேன்."

ஸ்கேன் எடுத்தார்கள். திரையைப் பார்த்ததும் டாக்டரின் புருவம் மேலே போனது. அவர் சிரமப்பட்டு அதைக் கீழே இறக்கினார்.

"என்ன டாக்டர்? ஏதோ தெரிஞ்சுதே உங்களுக்கு?"

"எனக்கா? எனக்கென்ன தெரியும்?"

"நீங்கதானே டாக்டரு!"

"அதனாலதாங்க சொல்ல முடியல."

அறிக்கையில் இப்படி எழுதியிருந்தது: 'படம் தெளிவாக உள்ளது. படத்தில் இருப்பவை யாவும் படத்தில் உள்ளன.' கீழே மூன்று முத்திரை.

என் கடையின் மூலை மேசைதான் வக்கீல் சுராச்சேயின் அலுவலகம். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்த நாற்காலியில்தான் எப்போதும் உட்காருவார். அறிக்கையைப் படித்ததும் அவர் முகத்தில் கல்யாண வீட்டுக் களை வந்தது.

"அருமை! வேற எங்கயும் போய்க் காட்டிடலியே?"

"நாளைக்கு நேப்பிள்ஸ்ல ஒரு தனியார் டாக்டர்கிட்டப் போலாம்னு இருக்கேன்" என்றான் நுன்ஸியோ.

"கெடுத்தீங்க போங்க! அவன் பேரைச் சொல்லித் தொலைச்சான்னா தாமதம் அன்னியோட முடிஞ்சுபோகும். நமக்குச் சொத்தே அந்தத் தாமதம்தான். வளர விடுங்க."

"வலிக்குதே வக்கீலய்யா."

"வலிக்கட்டும். கோர்ட்டுல நமக்கு இருக்கற ஒரே சாட்சி அதுதான்."

ஆக, பேர் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரி ஒரு பக்கம், பேர் கேட்கக் கூடாது என்று வக்கீல் இன்னொரு பக்கம். இருவருக்கும் நடுவில் நுன்ஸியோ விலாவைப் பிடித்துக்கொண்டு லாரி ஓட்டினான். அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு சொல். அதை வாங்கிக்கொடுக்க நாதியில்லை.

அசுந்தாவுக்கு வக்கீல் மேல் நம்பிக்கையில்லை. அவளுடைய நம்பிக்கையெல்லாம் புனிதர்கள் கோஸ்மா, தமியானோ மேல்தான். இரட்டையர், இருவருமே வைத்தியர், காசு வாங்காதவர்கள். செப்டம்பர் திருவிழாவில், உடம்பில் எது கெட்டிருக்கிறதோ அதை வெள்ளித் தகட்டில் வாங்கிச் சொரூபத்தின் மேல் தொங்கவிடுவது எங்கள் ஊர் வழக்கம். கோயில் வாசல் கடைக்குப் போனாள்.

"என்ன உறுப்பும்மா?" என்றார் கடைக்காரர்.

"தெரியலியேப்பா. ஆஸ்பத்திரியில சொல்ல மாட்டேங்கறாங்க."

"உறுப்பு தெரியாம நேர்ந்துக்கிட்டா புனிதர் எதைன்னு பார்ப்பாரு?"

கடையில் அன்றைக்கு மிச்சமிருந்தது ஒரு பித்தப்பை. அதை வாங்கிக் கட்டிவிட்டு, எது கெட்டிருந்தாலும் அதையே பித்தப்பையாக நினைத்துக்கொள்ளும்படி இரட்டையரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த ஜூலையில், ஆஸ்பத்திரி மேல் சுராச்சே போட்ட வழக்கு விசாரணைக்கு வந்தது. ஆஸ்பத்திரியின் வக்கீல் எழுந்து ஒரு புகைப்படத்தை நீட்டினார். புனிதர் தமியானோவின் கழுத்தில் பித்தப்பை பளபளத்தது.

"கனம் நீதிபதி அவர்களே! நோய் இன்னதென்று போன செப்டம்பரிலேயே இக்குடும்பம் அறிந்திருக்கிறது. அறிந்தும் ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்கவில்லை. தாமதம் செய்தவர் நோயாளியே!"

நீதிபதி கண்ணாடியை இறக்கிக்கொண்டு அசுந்தாவைப் பார்த்தார். "பித்தப்பைன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"யாரும் சொல்லலீங்கய்யா. கடையில அது ஒண்ணுதான் மிச்சம்."

"மத்ததெல்லாம் என்னாச்சு?"

"நம்ம ஊர்ல கல்லீரல் நிக்குமாங்கய்யா? திருவிழா மொத நாளே வித்துப்போகும்."

நீதிபதி அதைப் பதிவு செய்யச் சொன்னார். உடனே எங்கள் சுராச்சே துள்ளி எழுந்தார். புனிதர்கள் இருவரும் மருத்துவக் கழகத்தில் பதிவு செய்துகொள்ளாதவர்கள், ஆகவே அவர்கள் வாயிலாகப் பெற்றதை நோயறிதல் என்று கொள்ளலாகாது என்று முழங்கினார். இரண்டு வாதங்களிலும் கனம் இருப்பதாக நீதிபதி தலையாட்டினார்.

நுன்ஸியோவால் பொறுக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். அவன் கண்ணின் வெள்ளை அப்போதே மஞ்சளாகியிருந்தது.

"ஐயா, எனக்கு வழக்கும் வேணாம் ஒண்ணும் வேணாம். பித்தப்பையா, இல்லையா? அதை மட்டும் யாராவது சொல்லுங்களேன்."

"அதை முடிவு பண்ணத்தானேப்பா வழக்கே நடக்குது!" என்றார் நீதிபதி, பிள்ளைக்குச் சொல்வது போல. "ஆகஸ்ட் லீவு முடியட்டும். ஒரு நிபுணரை நியமிக்கலாம்."

ஆகஸ்டில் எங்கள் நாட்டில் எவனும் வேலை செய்வதில்லை. இயக்குநர், வக்கீல், நீதிபதி மூவரும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்த குடைகளின் கீழே படுத்திருந்தார்கள். மாதா திருநாளன்று மத்தியானம், குடும்பமே சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது, நுன்ஸியோ நாற்காலியோடு சரிந்தான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவசரப் பிரிவில் டாக்டர் யுசிமி மட்டும் இருந்தார். எங்கள் பிள்ளைகள் டாக்டருக்குப் படித்ததும் மிலானுக்கு ஓடிவிடுவதால் கியூபாவிலிருந்து வரவழைத்த அறுவைச் சிகிச்சைக்காரர். எங்கள் மொழியில் நோயாளியிடம் பேசுகிற அளவுக்குக் கற்றிருந்தார். சுற்றறிக்கை படிக்கிற பாடம் அவருக்கு இன்னும் வரவில்லை.

விலாவுக்குக் கீழே ஒரு அழுத்து அழுத்தினார். நுன்ஸியோ கத்தினான்.

"பித்தப்பையில கல்லு. வழியை அடைச்சிருக்கு. யாரு இந்த மனுஷனை இத்தனை நாள் இப்படி விட்டது?"

தலைமை நர்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார். "டாக்டரம்மா, இங்க பேரெல்லாம் சொல்லக் கூடாது" என்று காதோரம் கிசுகிசுத்தார்.

"பேரு சொல்லாம எதை வெட்டி எடுக்கறது?"

விருது வாங்கிய அந்த ஆஸ்பத்திரியில் அதுவரை ஒருவரும் இதைக் கேட்டதில்லை. மயக்க மருந்து டாக்டரைக் கடற்கரையிலிருந்து இழுத்துவந்தார்கள். அவர் காலில் மணல் ஒட்டியிருந்தது. சாயங்காலம் யுசிமி வெளியே வந்து, "பொழைச்சுக்கிட்டார்" என்றார். நான் சுவரில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். அசுந்தா அவர் இரண்டு கையையும் பிடித்து முத்தம் கொடுத்தாள்.

செப்டம்பரில் வக்கீல் சுராச்சே கருத்துப்போய், கடுகடுவென்று வந்தார்.

"என்னய்யா இப்படிப் பண்ணிட்டீங்க! பித்தப்பைன்னு அந்தக் கியூபா டாக்டரம்மா சொன்னதால புனிதர் சொன்னது சரின்னு ஆயிடுச்சு. புனிதர் சரின்னா உங்களுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரியும். கேஸ் போச்சு!"

"போகட்டும் வக்கீலய்யா. உசுரு இருக்குல்ல" என்றான் நுன்ஸியோ.

"அவசரப்படாதீங்க. இன்னொரு வழி இருக்கு. வழக்கு நிலுவையில இருக்கும்போது, ரெண்டு தரப்பையும் கேக்காம, நோயோட பேரை முன்கூட்டியே சொன்னது குற்றம். அந்தம்மா மேல போடுவோம். இயக்குநரும் நம்ம பக்கம் நிக்கறேன்னு சொல்லிட்டாரு."

"அந்தப் பொண்ணு என்னைக் காப்பாத்துச்சுய்யா!"

"காப்பாத்துனதுக்கு யாரு கேஸ் போட்டா? முந்திக்கிட்டதுக்குத்தான் கேஸ்."

நுன்ஸியோ என்னைப் பார்த்தான். "நீங்க என்ன சொல்றீங்க மச்சான்?"

லாரிக்கு டயரெல்லாம் தேய்ந்திருந்தது. என் காபி மெஷின் இருமிக்கொண்டிருந்தது. "வக்கீலு சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ளே" என்றேன். ஒரு கையால் தையல் போட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அவன் கையெழுத்துப் போட்டான். சாட்சிக்கு நான் போட்டேன். அசுந்தா தடுக்கவில்லை, புது டயர் போட்டால் மலைப்பாதையில் பயமில்லாமல் போவான் என்றாள்.

ஜெயித்தோம். 'நோயறிதல் தாமதமாகவும் இருக்கலாகாது, முன்கூட்டியதாகவும் இருக்கலாகாது' என்று நீதிபதி பொன்னெழுத்தில் எழுதினார். ஊரே என் கடையில் கூடிக் கொண்டாடியது. டாக்டர் யுசிமி ஒரே ஒரு பெட்டியோடு பஸ் ஏறியதைக் கடை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். புது மெஷினில் காபி நன்றாகத்தான் இறங்குகிறது.

போன வாரம் அசுந்தா குளிக்கும்போது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் தொட்டுப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு வக்கீல் இருக்காராம்மா?" என்று கேட்டாராம்.

அங்கிருந்து நேராக என் கடைக்கு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் மூலை மேசையிலிருந்து சுராச்சே எழுந்து மரியாதையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, அந்தக் கியூபா டாக்டரம்மாவோட விலாசம் யார்கிட்டயாவது இருக்குமா?"

"இருக்கும்மா" என்றேன். "நஷ்டஈட்டுப் பாக்கிக்கு நாம நோட்டீஸ் அனுப்பினோமே, அந்த விலாசம்."