பன்னிரண்டு தட்டு ஜெல்லைக் கலைத்த குரங்கு

பேராசிரியை சுதாராணி அம்மா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் ஆராய்ச்சி மாணவி கீர்த்திகாவின் தகப்பன் வேடியப்பன் ஏற்காட்டிலிருந்து மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொண்டது. சேர்வராயன் புண்ணியத்தில் இங்கே நான், என் மனைவி காளியாயி, இரண்டு மாடு, மிளகுக்கொடி எல்லோரும் சுகம். கீர்த்திகா மட்டும் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டு தட்டு ஜெல்லும் கலைந்துபோனதற்கு அவளுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்றும், இந்த மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அந்தத் தலைப்பையே கோகுல் என்கிற வேறொரு மாணவனுக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் போனில் சொன்னீர்களாம். ஐந்து வருடப் படிப்பு அம்மா. அதனால் நடந்ததைத் தாங்கள் முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஜெல் என்னவென்று எனக்கு விளங்கவே நாலு வருடம் ஆயிற்று. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் ஆயிரக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் அளவுக்குச் சின்னத் துகள்களாம். நானோ என்று பெயராம். அதுகளைத் தண்ணீரில் விட்டு, ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல நிற்கவைத்தால் ஜெல். அந்த வலை நொறுங்காமல் மெல்லக் காய்ந்தால், வெயில் சூட்டை உள்ளே விடாத, எடையே இல்லாத கூரை ஓடு கிடைக்குமாம். எங்கள் காப்பி விவசாயிகள் சங்கத்தில் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற பதினோரு பேரை ஒரு பெஞ்சில் உட்காரவைக்க என்னால் முடியவில்லை. என் மகள் கண்ணுக்குத் தெரியாததையெல்லாம் சேர்த்துவைக்கிறாளே என்று பெருமையாகத்தான் இருந்தது. போன தீபாவளிக்கு வந்தவள் ஒரு குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்து, "பாருங்கம்மா, ஒழுகல. அப்படின்னா ஜெல் ஆயிருச்சுன்னு அர்த்தம்" என்றாள். அவள் அம்மா அசரவில்லை. "எங்கூட்டு ராகிக்களியுந்தான் சட்டியக் கவுத்தா உழுவாது. இதுக்கு அஞ்சு வருசமா கண்ணு?" என்றாள்.

அது கிடக்கட்டும். தங்கள் ஆய்வுக்கூடத்து ஏ.சி. பொங்கலுக்கு முன்பே படுத்துவிட்டது; அதைப் பழுதுபார்க்கும் ஃபைல் இன்னும் மேஜை மேஜையாக ஊர்வலம் போகிறது. சேலத்து மாசி வெயிலில் ஜெல் விரிசல் விடுகிறது என்றதும் தாங்கள் கண்டுபிடித்த விஞ்ஞானம் என்ன? "உங்க ஊர்தான் ஜில்லுன்னு இருக்குமே, அங்க கொண்டுபோய்க் காயவிடு" என்றீர்கள். அவளும் பன்னிரண்டு தட்டையும் இரண்டு பெட்டியில் அடுக்கி பஸ் ஏறினாள். அடிவாரம் தாண்டினால் இருபது கொண்டை ஊசி வளைவு. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க அம்மிணி, பாயாசங்களா? மடியில வெச்சா கொழந்தைங்க, கீழ வெச்சா லக்கேஜுங்க" என்றானாம். ஒரு பெட்டியைத் தன் மடியிலும் இன்னொன்றைப் பக்கத்து சீட்டு அம்மாள் மடியிலும் வைத்து, எங்கள் ஊர் ஒண்டிக்கடை ஸ்டாப் வரை மூச்சுவிடாமல் வந்து சேர்ந்தாள். அத்தனை வளைவுக்கும் கலையாத ஜெல் அம்மா அது.

கொட்டை காயப்போடும் களத்தை ஒட்டிய காப்பி குடோனில் மேஜை போட்டு, தட்டுகளைப் பரப்பி, மேலே வெள்ளைத் துணி மூடினாள். "பத்து நாளைக்கு யாரும் தொடக்கூடாதுங்கப்பா" என்றாள். ஆறாம் நாள் தாங்கள் அவளைக் கூப்பிட்டீர்கள். எதற்கு? கருத்தரங்குக்கு வருகிற விருந்தாளிகளுக்குப் பூங்கொத்து வாங்க. நானோ படித்த பெண் ஒரு பகல் முழுக்க ரோஜாப்பூ பொறுக்கிவிட்டு மறுநாள் வீடு திரும்பினால், பன்னிரண்டு தட்டும் உடைந்த தயிராகக் கிடக்கிறது. எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரி கோடு கோடாகக் கிளறிய தடம். நான் உடனே, "கொரங்கு வேலதான் சாமி" என்றேன். "கொரங்கு துணிய மறுபடி இழுத்து மூடிட்டுப் போகுங்களாப்பா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். ஏற்காட்டுக் குரங்குகள் சுற்றுலாக்காரர்களோடு பழகிப் பழகி நாகரிகம் கற்றுக்கொண்டுவிட்டன. மலைக்கு ஒருமுறைகூட வராத தங்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

ஆகவே குற்றவாளிகள் தங்கள் ஏ.சி., தங்கள் கருத்தரங்கு, அந்தக் குரங்கு. ஒரு கிளறலைத் தாங்காத பொருளை வைத்து ஊருக்கெல்லாம் கூரை வேயப் போகிறீர்களாக்கும்! என் மகளை அஜாக்கிரதை என்று சொன்ன வாயாலேயே தாங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் துணைவேந்தருக்கு எழுதுவேன்.

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நோய்நொடி இல்லாமல், கரண்ட் கட்டும் இல்லாமல் நெடுங்காலம் வாழ சேர்வராயன் துணையிருக்கட்டும்.

தங்கள் மேல் மரியாதை குறையாத,
வேடியப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் குரங்கை அடித்துவிடுங்கள். கிளறியது நான்தான். காப்பிக்கொட்டை காயும்போது மணிக்கு ஒருமுறை கிளறிவிடாவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும்; முப்பது வருடமாகக் கிளறுகிறேன். அன்று களத்தை முடித்துவிட்டு குடோனுக்குள் வந்து துணியைத் தூக்கினால், ஆறு நாளாகியும் ஈரம் போகவில்லை. பிள்ளை மறந்துவிட்டுப் போய்விட்டாளே, கெட்டுவிடுமே என்று கரண்டிக்காம்பால் ஓரம்கூட விடாமல் பன்னிரண்டையும் கிளறி, பத்திரமாக மூடியும் வைத்தேன். யாரும் தொடக்கூடாது என்று சொன்னது ஞாபகம் இருந்தது. அது மற்றவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துவிட்டேன். கட்டுரை வெளிவந்தால் ஒன்பது பேர் பெயர் போடுவீர்களாமே, இந்தத் தப்புக்கு என் ஒருவன் பெயரை மட்டும் போட்டுக்கொண்டு, அவளுக்கு இரண்டு மாதம் தவணை கொடுங்கள் அம்மா. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், கவரை ஒட்டாமல்.