அமலி அக்கா மூன்று விநாடி மறைந்த கதை

சொற்போர் மேடைகளில் நான் எதிரணியினரை மட்டுமே வீழ்த்தியிருக்கிறேன் என்று என்னைப் பற்றிய குறிப்புகளில் எழுதிவருவது முழு உண்மையன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஈப்போவில், மண்டபம் நிறைந்த அவையின் முன்னிலையில், உயிரோடிருந்த ஒரு நடிகையையும் வீழ்த்தியிருக்கிறேன். பயன்படுத்திய ஆயுதம் ஒரே ஒரு வினைமுற்று. (சாட்சிகளுக்குப் பஞ்சமில்லை. பாதிப் பேர் அதே ஊரின் சிலிபினில் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள்.)

அப்போது நான் காம்பாரில் பல்கலைக்கழக மாணவி. சொற்போர்க் குழுவின் தலைவி. சிறந்த பேச்சாளர் கோப்பைகளைத் துணி அலமாரியில் வைத்துவிட்டுத் துணிகளை நாற்காலியில் வைத்திருந்தவள். வீட்டில் சாப்பிடும்போதுகூட, "அக்கா, அந்தச் சம்பல் கிண்ணத்தை இப்பக்கம் நகர்த்துக" என்பேன். "கை இருக்குல, எடுத்துத் தின்னு லா" என்பாள் அக்கா கல்பனா. மேடையறியா மக்களோடு வாழ நேர்ந்ததே என்று உள்ளூர வருந்துவேன்.

பேச்சுப் பயிற்சி முகாமில் நான் கற்ற வித்தைகளுள் தலையாயது மூன்று விநாடி இடைவெளி. வலிமையான சொல்லொன்றை அவையில் போட்டுவிட்டு, மூன்று விநாடி வாய் திறக்காமல் நிற்க வேண்டும். அந்த மூன்று விநாடிகளில் சொல் கேட்போர் நெஞ்சில் இறங்கும். எங்கே இறங்கும், இறங்கி என்ன செய்யும் என்பதை முகாமில் யாரும் சொல்லித்தரவில்லை.

ஈப்போ நகரின் கலை மன்றம் ஒன்று நடிகை அமலிக்குப் பாராட்டு விழா எடுத்தது. அறிமுக உரைக்கு என்னை அழைத்தது. அமலி அக்கா சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். தேவாலயக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வசனமே இல்லாத மூன்றாம் இடையனாக நின்றவர், நடுவில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் கிராணியைப் போலக் கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு, தொழுவத்து ஆடுகளுக்குப் பெயர் கூப்பிட்டு வருகை எடுத்தாராம். சபை சிரித்தது, சாமியார் சிரித்தார், கிராணி மட்டும் எழுந்து போய்விட்டார். அன்று தொடங்கிய தொழில் அது. பிறகு வானொலி, தொலைக்காட்சி. வேலைக்காரி, வம்புக்காரி, பக்கத்து வீட்டுக்காரி என்று பல ஆண்டுகள் கதவோரப் பாத்திரங்களாகவே கிடைத்தன. "கதவத் தொறந்து தொறந்து கை வலிக்குது. இனிமே வீட்டயே நான் கட்டிக்கிறேன்" என்று சொல்லி, ஈப்போவில் ஒரு கடைவீட்டு மாடியில் சொந்த நிறுவனம் தொடங்கித் தயாரிப்பாளரானார்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அவரே தொலைபேசியில் அழைத்தார்.

"தங்கச்சி, என்னைப் பத்திப் பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம். முன்வரிசையில எங்கம்மா உக்காந்திருப்பாங்க. அவங்க காதுல விழுற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"எதனைச் சொல்ல வேண்டும், அக்கா?"

"சிரிக்க வைக்கிறதும் ஒரு வேலதான்னு. பதினெட்டு வருசமா நடிக்கிறேன். அம்மா என் நாடகம் ஒண்ணுகூடப் பாத்ததில்ல. டிவில நான் வந்தா எந்திரிச்சி அடுப்படிக்குப் போயிருவாங்க. 'நாலு பேரு நம்மளப் பாத்துச் சிரிக்கக் கூடாதுன்னுதானே ரப்பர் மரம் சீவி உன்னைப் படிக்க வச்சேன்'னு கேப்பாங்க. நான் சொன்னா எடுபடாது. உன் தமிழ்ல சொன்னா நம்புவாங்க லா."

"கவலை கொள்ளற்க" என்றேன். (அவர் தொடர்பைத் துண்டிக்காமல் பொறுத்துக்கொண்டது இன்றும் என்னை வியக்க வைக்கிறது.)

பதினொரு பக்கம் எழுதினேன். ஒரு தாயின் பதினெட்டு ஆண்டுப் பிடிவாதத்தை என் எதுகையும் மோனையும் பன்னிரண்டே நிமிடத்தில் கரைத்துவிடும் என்று மெய்யாகவே நம்பினேன்.

விழா நாளன்று மேடையோரத்தில் அமலி அக்காவின் பெரிய படம் நின்றது. அவருக்குப் போட வைத்திருந்த மல்லிகை மாலை மேசையில் கிடந்தால் கசங்குமே என்று, நான்தான் அதை எடுத்துப் படத்தின் மேல் மாட்டி வைத்தேன். படத்துக்கு மாலை போட்டால் நம்மவர்களிடையே என்ன பொருள் என்பதைப் பச்சைப் பிள்ளையும் அறியும். எனக்கு அப்போது மோனை மட்டுமே நினைவிலிருந்தது.

நிகழ்ச்சி தொடங்கியும் நாயகி வரவில்லை. சுங்கை சிப்புட்டில் படப்பிடிப்பை முடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, "வழியில ஒரு லாரி பிரச்சன, அதனால கொஞ்சம் லேட்டு" என்று அறிவித்தார். நெரிசலைத்தான் சொன்னார். ஆனால் லாரி என்ற சொல் வரிசை வரிசையாகப் பின்னோக்கி ஊர்ந்தது. மன்றத் தலைவர் சின்னையா, "நீ ஆரம்பிச்சிரு மா" என்று எனக்குக் கையசைத்துவிட்டு, வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆடுகளின் வருகைப் பதிவேட்டைக் கடந்தேன். வானொலியைக் கடந்தேன். முன்வரிசையில் அமலி அக்காவின் தாயார் மரியதங்கம் அம்மா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கைத்தொலைபேசியைக் காதில் வைத்து ஏதோ பேசிவிட்டு மடியில் வைத்தார். இனி இடியை இறக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். தாழ்ந்த குரலில் தொடங்கினேன்:

"கதவோரத்தில் நின்று நின்று களைத்த ஒரு நாளில், நடிகை அமலி... மறைந்தார்."

இடைவெளி விட்டேன்.

அடுத்த வரி, 'தயாரிப்பாளர் அமலி பிறந்தார்!' என்பது. அந்த வரி இன்றுவரை எந்த மேடையிலும் பேசப்படவில்லை.

முதல் விநாடியில் அவை அமைதியாயிற்று. என் கலையை நானே மெச்சினேன். இரண்டாம் விநாடியில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஐயோ, அந்த லாரியா!" மூன்றாம் விநாடியில் தலைவர் விழித்தார். 'மறைந்தார்' என்ற சொல் அவர் காதில் எஞ்சியிருக்க வேண்டும். எதிரே மாலையிட்ட படம். இரங்கல் மௌனத்தைத் தாமே முன்மொழிவதில் தனிப்பெருமை கொண்டவர் அவர். எழுந்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டார்.

"அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோமாக."

மண்டபம் முழுவதும் எழுந்து தலை குனிந்தது.

நீங்கள் கேட்பது புரிகிறது. ஒலிவாங்கி என் கையில்தானே இருந்தது? இருந்தது. ஆனால் மௌன அஞ்சலியின் நடுவே பேசுவது மேடை ஒழுக்கத்துக்கு முற்றிலும் மாறானது. புள்ளிகள் குறையும். ஆகவே நானும் தலை குனிந்தேன். என் மனமறிய உயிரோடிருந்தவருக்கு அஞ்சலி செலுத்தினேன்.

எழாமல் அமர்ந்திருந்தவர் மரியதங்கம் அம்மா ஒருவர்தான். "யாரு போய்ட்டாங்க?" என்று பக்கத்தில் நின்ற பெண்மணியைக் கேட்டார். அவரோ அம்மாவின் கையைப் பற்றிக்கொண்டு விம்மினார்.

"மனச தேத்திக்கிங்க அக்கா."

"நான் ஏன் தேத்திக்கணும்? எம் மவ இப்பத்தான் போன் பண்ணா. காரு நிறுத்த எடம் கெடைக்கலயாம்."

பெற்றவளின் புத்தி கலங்கிவிட்டதாக எண்ணி அந்தப் பெண்மணி முன்னிலும் பலமாக அழுதார்.

அவ்வேளையில்தான் பின்கதவைத் திறந்துகொண்டு அமலி அக்கா உள்ளே வந்தார். எல்லாரும் நிற்பதைக் கண்டு தாமும் மரியாதையாக நின்றார். அருகிலிருந்தவரிடம் மெல்லக் கேட்டார்.

"யாருண்ணே போய்ட்டாங்க?"

"நடிகை அமலி மா. நல்ல பொண்ணு, பாவம்" என்று குனிந்த தலை நிமிராமல் சொன்னவர், பிறகு நிமிர்ந்தார். அவர் போட்ட கூச்சலில் மௌனம் நாற்பதாவது விநாடியிலேயே முடிவுற்றது.

அமலி அக்கா மாலையிட்ட தம் படத்தைப் பார்த்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, துக்க வீட்டுக்கு வந்தவரைப் போல நடந்து, மேடையேறி அதன் முன்னே வந்து நின்றார். சிலுவை போட்டுக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார்.

"தங்கமான பொண்ணு. எல்லா எடத்துக்கும் லேட்டாத்தான் வருவா. இதுக்கு மட்டும் சீக்கிரமா போய்ட்டாளே!"

மண்டபம் வெடித்தது. அக்கா மாலையைக் கழற்றித் தம் கழுத்தில் போட்டுக்கொண்டு தலைவரைப் பார்த்தார்.

"பொணத்துக்கு டீ உண்டாண்ணே?"

முன்வரிசையிலிருந்து, ஆட்டம் கண்ட கதவு கிரீச்சிடுவதைப் போன்ற ஓர் ஒலி வந்தது. மரியதங்கம் அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். முந்தானையால் வாயை மூடினார், முந்தானை போதவில்லை. அமலி அக்கா அதைப் பார்த்தார். அடுத்த வசனத்தை அங்கேயே போட்டுவிட்டு, மேடையை விட்டு இறங்கித் தாயின் முன்னே போய் நின்றார்.

"இப்படித்தான் தெனமும் பண்ணுவியா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார் அம்மா.

"ஆமா மா."

"அப்ப ஏன்டி என்னைக் கூப்புடல?"

"பதினெட்டு வருசமா கூப்புடுறேன் மா!"

"சரியா கூப்புட்டிருக்க மாட்ட" என்றார் அம்மா.

நான் ஒலிவாங்கியைச் சரிசெய்து, "அவையோரே, தயாரிப்பாளர் அமலி..." என்று தொடங்கினேன். "நீ எறங்கு மா, போதும்" என்றார் தலைவர். எஞ்சிய பக்கங்கள் இன்னும் என் மேசை இழுப்பறையில், பிழையின்றி உள்ளன. சிலிபினில் எங்கள் வீட்டிலோ, இன்றும் நான் தாமதமாக வந்தால் அக்கா கல்பனா குடும்பத்தையே எழுப்பி நிறுத்தித் தலை குனிய வைக்கிறாள். மேடை ஒழுக்கம் கருதி, நிமிடம் முடியும்வரை நானும் வாசலில் நிற்கிறேன்.

மரியதங்கம் அம்மாவைச் சென்ற மாதம் பாசாரில், மீன் சந்தையில் கண்டேன். மகள் கோலாலம்பூரில் ஏதோ ஆபீசில் வேலை செய்வதாகவே அந்த விழா வரை அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தவராம். மீன்காரர் என்னை யாரென்று கேட்க, கையில் பிடித்த கெம்போங் மீனோடு பெருமிதமாகத் திரும்பினார்.

"எம் மவ நடிகை, தெரியுமுல்ல? சாவுற மாதிரி கூட நடிச்சிருக்கா. அதுல அவளக் கொன்னது இந்தப் புள்ளதான்."