ராசாவுக்கு ஒரு சோடி

ரயிலில் டெஸ்மன்டின் மடியிலிருந்த தலையணை உறை மெல்ல நெளிந்தது.

எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"பூனையா?"

"யெஸ், பூனை," என்றார் டெஸ்மன்ட். வியர்வை காதோரமாக வழிந்தது.

"பாவம், மூச்சு முட்டப்போகிறது. பெயர் என்ன?"

"ராசா."

"கொஞ்சம் தடவிப் பார்க்கவா?"

டெஸ்மன்ட் செவன் ஹில்ஸிலேயே குதித்து இறங்கிவிட்டார். அவர் போகவேண்டியது பிளாக்டவுனுக்கு. மீதித் தூரத்தை வெயிலில் நடந்தார், மார்போடு அணைத்த உறையுடன், வேலைக்கு வயிற்றுவலி என்று பொய் சொன்ன பாவத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு.

ராசா பூனை இல்லை. ஆறடி நீளமான கார்ப்பெட் பைத்தன். சிட்னியின் பென்டில் ஹில்லில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் நாய் வளர்த்தார்கள், லவ்பேர்ட்ஸ் வளர்த்தார்கள். டெஸ்மன்டின் ஒரே மகள் றம்யா, படித்த பார்மசிஸ்ட், கண்ணாடிப் பெட்டிக்குள் மலைப்பாம்பு வளர்த்தாள். அவர் மனைவி பேர்ள் அந்த அறைப் பக்கமே போவதில்லை. போகவேண்டி வந்தால் சிலுவை போட்டுக்கொண்டு போவாள்.

பாம்பைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மகளுக்கு முப்பது வயதாகப் போகிறதே, அதைத்தான் டெஸ்மன்டால் பொறுக்க முடியவில்லை. அவர் கொண்டுவந்த மாப்பிள்ளைகளை எல்லாம் றம்யா படத்தில் பார்த்தே தட்டிக்கழித்தாள். ஒருவனுக்கு மூக்குச் சரியில்லை. இன்னொருவன் சிரிப்புச் சரியில்லை. கடைசியில் பேர்ள் குசினி அடுப்படியில் இருந்து அழுத அழுகை பக்கத்து வீட்டுக்கும் கேட்க, றம்யா ஒரு வாக்குக் கொடுத்தாள்.

"முதல்ல ராசாவுக்கு ஒரு சோடி சேரட்டும் அப்பா. முட்டை போட்ட அடுத்த நாளே நீங்கள் சொல்லுற ஆளை நான் பாக்கிறன். பிராமிஸ்."

வேறு தகப்பன் என்றால் செருப்பைக் கழற்றியிருப்பான். டெஸ்மன்ட் கதிரையை விட்டு எழும்பி, அன்றைக்கே பெண் தேடத் தொடங்கினார். பாம்புக்கு.

அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் யாரோ தமிழ் ஆட்களிடம் ராணி என்றொரு பெண் பாம்பு இருப்பதாக றம்யாவே கேள்விப்பட்டு வந்தாள். யாழ்ப்பாணத்துச் சிறிதரன் வீடு. பாம்பின் சொந்தக்காரன் அவருடைய மகன் பிரணவன். டெஸ்மன்ட் தானே போனெடுத்துப் பேசினார்.

"ஆண் பாம்பைத்தான் பெண் பாம்பு இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோக வேணும் அப்பா," என்றாள் றம்யா.

"அதிலை என்ன பிள்ளை? எங்கட ஆக்களின்ட வழக்கமும் அதுதானே. மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்குத்தான் போறது."

மாப்பிள்ளை பகுதி என்ற எண்ணம் மனதில் விழுந்ததுதான் தாமதம், மனுசனுக்கு நடையே மாறிவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைதோறும் சிறிதரன் வீட்டு ஹோலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி வந்தது, றோல்ஸ் வந்தது.

"போன முறை மாதிரி முறுகேல்லை," என்பார்.

"அடுத்த முறை கவனிக்கிறம் அண்ணை," என்பார் சிறிதரன், பெண்ணைப் பெற்றவர் போலக் குனிந்து.

இரண்டு பாம்புகளையும் தனியே விட்டால் கடிபடுமாம். ஆகவே றம்யாவும் பிரணவனும் பின்னறையில் காவல் இருந்தார்கள். டெஸ்மன்ட் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். ஆளுக்கொரு மூலையில் இருந்து இங்கிலீசில் ஹீட்டரைப் பற்றியும் ஈரப்பதத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள், பாம்பைத் தவிர வேறு கதையே இல்லை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது.

"என்ரை பெடியனுக்கு நான் சாதகம் பாக்காமல் ஒரு அடி வைக்க மாட்டன் அண்ணை," என்றார் சிறிதரன் ஒருநாள்.

"நானும் அப்பிடித்தான், ஐசே. மன்னார் ஆளாயிருக்க வேணும், கத்தோலிக்க வேதக்காரனாயிருக்க வேணும். அதிலையிருந்து ஒரு இம்மி இறங்க மாட்டன்."

இருவரும் ஒருவரையொருவர் மிகவும் மதித்தார்கள்.

எல்லாம் சரி, முட்டையைத்தான் காணவில்லை. குளிர் போய் ஒக்டோபரும் வந்துவிட்டது. ரொறொன்றோவிலிருந்து ஒரு பல் வைத்தியர், அசல் மன்னார்ப் பெடியன், கிறிஸ்மஸுக்குத் தாயோடு சிட்னிக்கு வருகிறான். ஸ்கைப்பில் பார்த்த அன்றே டெஸ்மன்ட் மனதுக்குள் மேளமடித்துவிட்டார். முட்டை இல்லையென்றால் றம்யா அறையை விட்டு வெளியே வரமாட்டாள். தாயும் பிள்ளையும் கோப்பி குடித்துவிட்டு ரொறொன்றோவுக்குத் திரும்ப வேண்டியதுதான். ராசாவில்தான் ஏதோ கோளாறு என்று அவருக்குச் சந்தேகம். அதனால்தான் மகள் வேலைக்குப் போன நேரம் பார்த்து, பேர்ளின் பூப்போட்ட தலையணை உறைக்குள் பாம்பைப் போட்டுக்கொண்டு, பிளாக்டவுனில் பாம்பு வளர்த்து விற்கும் ட்றெவரிடம் இந்தப் பயணம்.

ட்றெவர் ராசாவைப் புரட்டிப் பிடித்து, வாலடியில் மெல்லிய கம்பியொன்றை எண்ணெய் பூசி நுழைத்தார்.

"ஆணென்றால் கம்பி ஆழமாகப் போகும். பெண்ணென்றால் கொஞ்சத்திலேயே நின்றுவிடும்."

டெஸ்மன்ட் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்ப்பது மரியாதையாகப் படவில்லை.

"நின்றுவிட்டது," என்றார் ட்றெவர். "பெண்."

"வடிவாப் பாருங்கோ. பேர் ராசா."

"மேட், பெயர் பாம்புக்குத் தெரியாது."

வீடு திரும்பும்வரை டெஸ்மன்டுக்கு மானம் போன மாதிரி இருந்தது. எத்தனை றோல்ஸைக் குறை சொல்லியிருக்கிறார்! பேசாமல் இருக்கவும் பயம், சொல்லவும் வெட்கம். கடைசியில் குளியலறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு சிறிதரனுக்குப் போனெடுத்தார்.

"சிறிதரன், ஒரு சின்னச் சிக்கல். எங்கட ராசா... ஆம்பிளை இல்லையாம்."

மறுமுனையில் வந்த குரல் வேறு யாருடையதோ போலத் தடித்திருந்தது.

"அப்ப எங்கட ராணிதான் ஆம்பிளையாக்கும்!"

"அப்பிடித்தான் இருக்க வேணும்."

"அப்ப நாங்கள்தான் மாப்பிள்ளை பகுதி."

"அதுக்கென்ன இப்ப, ஐசே..."

"ஒண்டுமில்லை அண்ணை. வாற சனி நாங்கள் அங்க வாறம். பிள்ளையளுக்கு இப்ப சொல்ல வேண்டாம், மனமுடைஞ்சு போகுங்கள். இங்க பெயின்ற் அடிக்கிறம் எண்டு சொல்லுவம்." போனை வைக்கமுன் செருமினார். "றோல்ஸ் முறுக இருக்கட்டும்."

சனிக்கிழமை பேர்ள் வியர்க்க வியர்க்க றோல்ஸ் பொரித்தாள். "எனக்கு மருமகன் வந்து ஒரு தேத்தண்ணி ஊத்த விதியில்லை. பாம்புக்குப் பொரிக்கிறன்," என்று சட்டியோடு சண்டை போட்டாள். சிறிதரன் நேராகப் போய் டெஸ்மன்டின் கதிரையிலேயே சாய்ந்தார். றோல்ஸைக் கடித்து, மென்று, மீதியைத் தட்டில் வைத்தார். அந்த மீதி டெஸ்மன்டை நன்றாகவே சுட்டது.

பிள்ளைகள் பாம்புகளோடு அறைக்குள் போனதும் சிறிதரன் குரலைத் தாழ்த்தினார்.

"குறை நினைக்காதையுங்கோ அண்ணை. இவ்வளவு காலமாச்சு, ஒண்டையும் காணேல்லை. உங்கட பகுதியிலை ஏதும் குறை இருக்குமோ?"

டெஸ்மன்டுக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. "என்ன கதை கதைக்கிறீர்! எங்கட பிள்ளையிலை ஒரு குறையுமில்லை! உம்மட பெடியனை முதல்லை டொக்டரிட்டைக் காட்டும்!"

அறைக்கதவு படாரென்று திறந்தது. றம்யா வெளிறிப்போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் பிரணவன் இன்னும் வெளிறிப்போய் நின்றான்.

"அப்பா? ஆரைப் பற்றிக் கதைக்கிறியள்?"

"கிரிக்கெட், பிள்ளை. கிரிக்கெட். நீங்கள் உள்ளை போங்கோ."

அவர்கள் போனதும் இரண்டு தகப்பன்மாரும் மூச்சுவிட்டார்கள். யாரில் குறை என்று இனி வைத்தியர்தான் சொல்லவேண்டும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் றம்யா ஒட்டி வைத்திருந்த காந்த அட்டையில் பரமட்டாப் பக்கத்து மிருக வைத்தியரின் நம்பர் இருந்தது. மகளுக்குப் போட்டுக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் டெஸ்மன்ட் முதலில் அங்கே போகவில்லை. இப்போது பயத்துக்கு நேரமில்லை.

திங்கட்கிழமை, வேலைக்குப் பொய் சொன்ன இரண்டு வயிற்றுவலிகள் ஒரே காரில் போய் இறங்கின. மடியில் ஆளுக்கொரு தலையணை உறை. வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்திருந்த இளம் வைத்தியர் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பாம்புகளையும் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"நல்ல ஆரோக்கியம். ஒரு குறையும் இல்லை."

"சொன்னன்தானே!" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"ஆனால் இரண்டும் பெண்," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார்.

மாப்பிள்ளை பகுதி இரண்டும் காத்திருப்போர் வாங்கில் சரிந்தன. டெஸ்மன்டின் தோள் குலுங்கத் தொடங்கியது.

"கிறிஸ்மஸுக்கு மாப்பிள்ளை வந்து இறங்குது, ஐசே. முட்டை இல்லாட்டி என்ரை பிள்ளை ஒருத்தனையும் பாக்க மாட்டாள். நானும் பேர்ளும் கண்ணை மூடினாப் பிறகு அவளுக்கு ஆர் இருக்கினம்? இந்தச் சீமையிலை தனிய, ஒரு பாம்போடை..." கைலேஞ்சியால் மூக்கைச் சிந்தினார்.

சிறிதரன் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார்.

"அண்ணை, என்ரை பெடியனும் இதைத்தானே சொல்லுறான்! ராணி முட்டை போட்டாப் பிறகுதான் சாதகத்தை வெளியிலை எடுக்கலாமாம்."

"அப்பிடியே? இந்தக் காலத்துப் பிள்ளையள் எல்லாத்துக்கும் ஒரே விசர்தான் போல." டெஸ்மன்டுக்கு அந்த வேதனையிலும் ஓர் ஆறுதல். சிறிதரனின் கையை இறுக்கிப் பிடித்தார். "நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வள்ளத்திலை நிக்கிறம், ஐசே. ஒரு முடிவெடுப்பம். பிளாக்டவுனிலை அந்த மனிசனிட்டை அசல் ஆம்பிளைப் பாம்பாய் ஒண்டு வாங்குவம். ராசாவை எடுத்துப்போட்டு அதை ராசா எண்டு பெட்டிக்குள்ளை விடுவம். பெத்ததுகளுக்கு ஒண்டும் தெரியவேண்டாம்."

"பெத்தது நாங்கள், அண்ணை. பிறந்ததுகளுக்கு."

"ஓம், அதுகளுக்குத்தான். கர்த்தர் மன்னிப்பார்."

"பிள்ளையாரும் மன்னிப்பார்."

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நர்ஸ் கெய்லி இரண்டு உறைகளையும் ஏந்திக்கொண்டு வந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பூப்போட்ட உறைக்குள் எட்டிப் பார்த்தவள், ராசாவின் வாலடியிலிருந்த வெள்ளைத் தழும்பைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். மற்ற உறையையும் விரித்துப் பார்த்தாள்.

"அட, இது நம் ராசா! இது ராணி! இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள்? இரண்டும் பெண் என்று றம்யாவிடமும் அவளுடைய கணவர் பிரணவனிடமும் போன வருடமே சொல்லிவிட்டேனே!"