சூரியனுக்குப் போர்வை போர்த்தும் வேலை

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் மகளும் சௌக்கியமாகவே இருப்பீர்கள். இல்லையென்றால் இந்நேரம் மகளிடமிருந்து போன் வந்திருக்கும். நான் நலம் என்று எழுதப் பேனாவைத் திறந்தேன், மூச்சு வாங்கியதால் மூடிவிட்டு மறுபடி திறக்கிறேன். மொட்டை மாடியிலிருந்து இப்போதுதான் இறங்கினேன்.

மின்சாரத் துறையில் புதுச் சட்டத்துக்கு வரைவு எழுதும் நீங்கள் சொல்லித்தான் மாடியில் சூரியப் பலகை போட்டேன். உங்கள் அத்தைக்கு வீசிங். மருந்தை மூச்சில் இழுக்கும் மிஷின் கரண்ட் இல்லாமல் ஓடாது. அனல் மின் நிலையத்துச் சாம்பல் எங்கள் ஜன்னலில் படிகிறது, அதன் கரண்ட் மட்டும் மத்தியானமானால் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. பலகை வந்தது, பேட்டரி வந்தது, ஒயரை மாட்ட அனுமதி வரவில்லை. அதுவரை பலகையில் வெயில் படாமல் மூடி வைக்க வேண்டும் என்பது உங்கள் துறை விதி. சர்க்கார் ஆபீசில் குப்பை கொட்டிய உடம்பு, விதி என்றால் தானாகக் குனிகிறது. காலையில் ஏறிப் போர்வை போர்த்துகிறேன், காற்றில் பறந்தால் மறுபடி ஏறிக் கல் வைக்கிறேன், போர்வையெல்லாம் தீர்ந்து உங்க கல்யாணத்துக்கு வந்த மெத்தை விரிப்பும் மாடிக்குப் போயாச்சு. பக்கத்து வீட்டு லாண்டரிக்காரர், "என்ன சார், அதுக்குக் குளிருதா?"ன்னு கேக்கிறார். போன வாரம் ஒருவழியா பரிசோதகர் வந்தார். போர்வையைத் தூக்கிப் பாக்கிறது அவர் வேலை இல்லையாம், அது வேற பிரிவாம். "பலகையில் வெயில் படவில்லை, இடம் ஏற்றதல்ல"ன்னு எழுதிட்டார். "நீங்கதானே சார் மூடச் சொன்னீங்க?"ன்னா, "மூடினது சரிதான், வெயில் படாததுதான் தப்பு"ங்கிறார். தலையில அடிச்சுக்கலாம்னா கையில போர்வை.

நேத்து மத்தியானம் கரண்ட் போச்சு. உங்க அத்தை கட்டில்ல உக்காந்து மூச்சு இழுக்கிறா. மேல வெயில் கொளுத்துது, பலகை மேல என் போர்வை. "ஏங்க, அந்தச் சூரியன் எந்த ஆபீஸ்ல பெர்மிஷன் வாங்கிட்டு வருது?"ன்னு இழுப்புக்கு நடுவுல கேட்டா. எனக்குச் சிரிப்பு வரல மாப்பிள்ளை, பயமா இருந்தது.

அதனால் ஒரே வேண்டுகோள். ஊருக்கெல்லாம் வேண்டாம், நம் வீட்டு அனுமதியை மட்டும் யார் காதிலாவது போட்டு வாங்கிக் கொடுங்கள். சிபாரிசு உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். எனக்கும் பிடிக்காது. ஆனாலும் கேட்கிறேன், அலுத்துவிட்டது.

மகளும் நீங்களும் மூச்சு முட்டாமல் நெடுநாள் வாழ்க.

இப்படிக்கு,
மாடிப்படியிலேயே ஆயுள் கழியும் மாமா

பி.கு.: மேலே கேட்டதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். கடிதத்தை உங்கள் அத்தை வாங்கிப் படித்துவிட்டாள். "நமக்கு மட்டும்னு கேட்டிருக்கீங்களே, வெக்கமா இல்ல? லாண்டரிக்காரர் குழந்தைக்கும் இதே இழுப்புதானே! சாம்பல் என்ன வீடு பாத்தா விழுது? சட்டத்த மாத்தச் சொல்லுங்க. கெடுவுக்குள்ள பதில் வரலைன்னா அனுமதி தந்ததா அர்த்தம்னு எழுதச் சொல்லுங்க. அந்தப் புகைக்கூண்டை எப்ப மூடுவாங்கன்னும் எழுதச் சொல்லுங்க" என்றாள். சொன்னதோடு விடவில்லை. படிக்குப் படி உட்கார்ந்து மாடியேறி, போர்வைகளை அவளே உருவிப் போட்டாள். எலக்ட்ரீஷியன் வந்து ஒயரை மாட்டிவிட்டுப் போயாச்சு. தெருவில் கரண்ட் இல்லை; எங்கள் கூடத்தில் அவளும் அந்தக் குழந்தையும் மாற்றி மாற்றி மிஷினில் மருந்து இழுக்கிறார்கள். விதியை மீறிவிட்டோம். நீங்கள் சட்டத்தோடு வந்தால் விருந்து. நடவடிக்கையோடு வந்தால் அத்தையிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.